ஆர்ச்சுக்கு ஆரம் எடுப்பது எப்படி: நாணும் உயரமும் போதும்

கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ தேவகோட்டையோ, செட்டிநாட்டுப் பழைய வீட்டில் பழுது வேலை என்று இறங்கினால் எப்படியும் ஒரு ஆர்ச் வந்து வழியை மறிக்கும். ஜன்னலுக்கு மேலே கலர் கண்ணாடி பதித்த வளைவு, சட்டம் உளுத்துப்போயிருக்கும், புதிதாகச் செய்து தர ஆசாரி ஆரம் எவ்வளவு என்று கேட்பார். மையம் இருக்க வேண்டிய இடத்திலோ ஜன்னல் கதவுதான் இருக்கும். பரவாயில்லை, மையத்தைத் தொடாமலே ஆரத்தை எடுத்துவிடலாம்.

வளைவின் ஒரு காலில் இருந்து இன்னொரு கால் வரை டேப்பை நேராக இழுத்துப் பிடியுங்கள், அதுதான் நாண். அதன் நடுவைக் குறித்து, மூலைமட்டம் வைத்து, அங்கிருந்து செங்குத்தாக உச்சி வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பாதி நாணின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வருவதை உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் ஆரம்.

நாண் 48 அங்குலம், உயரம் 8 என்று வையுங்கள். பாதி 24, வர்க்கம் 576. 8-இன் வர்க்கம் 64. மொத்தம் 640, அதை 16-ஆல் வகுத்தால் 40. மையம் நாணுக்குக் கீழே 32 அங்குலத்தில் விழும். 24, 32, 40 மூன்றும் செங்கோண முக்கோணமாக அமைகிறதா என்று பாருங்கள், கணக்கு சரிதான். நாணின் இரு முனைகளும் மையத்திலிருந்து ஒரே தூரம் என்பதால், நாணை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு மையம் வழியாகத்தான் போயாக வேண்டும், மீதியைப் பித்தாகரஸ் பார்த்துக்கொள்வார்.

கவனம் வேண்டியது உயரத்தில்தான். உயரம் 8 இருக்கும் இடத்தில் கால் அங்குலம் கூடுதலாக அளந்தால் ஆரம் ஒரு அங்குலம்தான் குறையும். அதே 48 அங்குல நாணுக்கு உயரம் வெறும் 2 என்றால் ஆரம் 145. அங்கே கால் அங்குலம் தப்பினால் ஆரம் 129-க்கு இறங்கிவிடும்! அதனால் மேலே படை படையாக ஏறியிருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிட்டு அளப்பது நல்லது.

எல்லா ஆர்ச்சும் ஒரே வட்டத்தின் துண்டு என்று நம்பிவிடாதீர்கள். ஒரு காலிலிருந்து உச்சிக்கு ஒரு சின்ன நாண் இழுத்து, அதன் நடு உயரத்தை அளந்து பாருங்கள். வளைவு தட்டையாக இருந்தால் பெரிய உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு வரவேண்டும், நம் 8 அங்குலத்துக்கு 2-க்குச் சற்று மேலே. ரொம்ப விலகினால் அது கூர் ஆர்ச்சோ பல வட்டங்களை ஒட்டியதோ, அப்போது அட்டையை வைத்து அச்சு எடுப்பதுதான் வழி. இதே கால் பங்கு இன்னொன்றுக்கும் உதவும்: ஆரம் 12 அடி, மையம் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுகிறது என்றால், மையமே இல்லாமல் பாதி, பாதியில் பாதி என்று ஒவ்வொரு சின்ன நாணின் நடுவிலும் முந்தைய உயரத்தில் கால் பங்கு ஏற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போய் மெல்லிய மர ரீப்பரை வளைத்துக் கோடு போட்டுவிடலாம்.

மையம் கைக்கு எட்டினால் ஆணியும் ஒரு நீளமான ரீப்பரும் போதும். நூல் வேண்டாம், இழுத்தால் நீளும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கும் இது பயன்படும். உடைந்த பீங்கான் தட்டின் துண்டில் 8 அங்குல நாண், 2 அங்குல உயரம் என்றால் ஆரம் 5, முழுத்தட்டு 10 அங்குலம். தட்டு பெரிதா சின்னதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியதே இல்லை.

முழு வட்டமாக இருந்து மையம் மட்டும் தெரியாத ஸ்டூல் பலகைக்கு வழி இன்னும் சுலபம். ஒரு ஆத்தங்குடிக் கல்லை, அதாவது சதுரத் தரை ஓட்டை எடுத்து அதன் மூலையை விளிம்பில் வையுங்கள். இரண்டு ஓரங்களும் எதிர்ப்பக்க விளிம்பை வெட்டும் இடங்களை ஒரு கோட்டால் சேர்த்தால் அது விட்டம், ஏனென்றால் அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். வேறொரு இடத்தில் மூலையை வைத்து இன்னொரு விட்டம் போடுங்கள், இரண்டும் வெட்டும் புள்ளிதான் மையம். கல் கையால் போட்டது, அதனால் அதன் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். 10 அங்குலக் கல் சுமார் 14 அங்குல வட்டம் வரைதான் எட்டும். அதற்கு மேலே போனால் கொத்தனாரின் பெரிய மூலைமட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.