காம்போசிட் எவ்வளவு சுருங்குகிறது? ஒட்டிய வட்டு முறையில் அளப்பது எப்படி

பல் அடைக்கப் பயன்படும் காம்போசிட்டில் நீல ஒளி பட்டவுடன் மோனோமர்கள் எனும் சிறு மூலக்கூறுகள் இணைந்து சங்கிலியாகின்றன. அதுவரை ஏறத்தாழ 0.3, 0.4 நானோமீட்டர் தள்ளி இருந்த மூலக்கூறுகள், பிணைப்பு உண்டானதும் 0.15 நானோமீட்டர் அளவுக்கு நெருங்கிவிடுவதால் கன அளவு குறைகிறது. பேஸ்ட் வகைகளில் பெரும்பாலும் 2 முதல் 3 சதவீதம். ஃபில்லர் (கலந்திருக்கும் நுண்துகள்கள்) குறைந்த, எளிதில் வழியும் ஃப்ளோவபிள் வகைகளில் 4, 5 சதவீதம்கூடப் போகும். எண் சிறியதுதான். ஆனால் அடைப்பின் விளிம்பு பல்லை விட்டு விலகுவதற்கும், அந்த இடுக்கில் கசிவு ஏற்படுவதற்கும் இது முக்கியமான காரணம். இந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு ஒளி கொடுத்தோம், பொருள் எந்த அளவு இறுகியது என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம்.

ஒளி பட்டுக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு நொடி சுருக்கத்தைப் பின்தொடர, 1991-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வாட்ஸும் கேஷும் விவரித்த ஒட்டிய வட்டு முறைதான் எளிதாக அமைக்கக்கூடியது. கன அளவு மாற்றத்தைப் பாதரசத்தை வைத்து அளக்கும் டைலடோமீட்டரைப் போலப் பாதரசத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 0.1 கிராம் பேஸ்ட் போதும்.

அமைப்பு

3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிப் பலகை ஒன்று. அதன் நடுப்பகுதியில் 50 மைக்ரான் அலுமினாவை ஊதிச் சொரசொரப்பாக்குங்கள். காம்போசிட் இறுகும்போது பலகையைப் பிடித்துக்கொள்வது அந்தச் சொரசொரப்பால்தான். அதைச் சுற்றி 15 மி.மீ. உள்விட்டமும் சுமார் 1 மி.மீ. உயரமும் கொண்ட பித்தளை வளையத்தை ஒட்டுங்கள். வளையத்தின் மேல் உட்காரும்படி 0.1 மி.மீ. தடிமனுள்ள மைக்ரோஸ்கோப் கவர் ஸ்லிப் வேண்டும். தடித்த கவர் ஸ்லிப் வளைந்து கொடுக்காது, சுருக்கம் குறைவாகக் காட்டும்.

கவர் ஸ்லிப்பின் நடுவில் எல்விடிடி சென்சாரின் (நகர்ந்த தூரத்தை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் கருவி) முனை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். க்யூரிங் லைட்டை (காம்போசிட்டை இறுகவைக்கும் நீல விளக்கு) பலகைக்கு அடியில், முனை மேல்நோக்கிப் பலகையைத் தொடும்படி கிளாம்ப் செய்யுங்கள். கையில் பிடித்து ஒளி பாய்ச்சவே கூடாது, அந்த நடுக்கம் முழுவதும் வரைகோட்டில் விழும். ஒளிமுனையின் விட்டம் பேஸ்ட் வட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 8 மி.மீ. வட்டுக்கு 7 மி.மீ. முனை வைத்தால் ஓரங்கள் அரைகுறையாகவே இறுகும்.

எல்விடிடியைக் காலிபரேட் செய்ய ஸ்லிப் கேஜ்களே (துல்லியமான தடிமனுள்ள உலோகக் கட்டைகள்) நம்பகமானவை. 1.00 மி.மீ. கட்டையையும் 1.01 மி.மீ. கட்டையையும் மாற்றி வைத்தால் சரியாக 10 மைக்ரான் வித்தியாசம் கிடைக்கும். அப்படி நான்கைந்து புள்ளிகள் எடுத்து மின்னழுத்தத்தோடு நேர்கோடு வரையுங்கள். 1 மி.மீ. வட்டு 2.5 சதவீதம் சுருங்கினால் முனை இறங்குவது 25 மைக்ரான்தான். அதில் 0.1 சதவீதத்தைப் பிரித்தறிய சென்சார் 1 மைக்ரானை உணர வேண்டும்.

ஒளியளவையும் பலகை வழியாகவே அளக்க வேண்டும். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பிவிடுவதால், ஒளியின் செறிவை அளக்கும் ரேடியோமீட்டரில் நேராக வைத்துப் படித்த எண் வட்டுக்குப் போய்ச் சேராது. அலுமினா ஊதிய இடம் பேஸ்ட் இல்லாதபோது ஒளியைச் சிதறடிக்கும். எனவே அதே தடிமனுள்ள, ஊதாத பலகை ஒன்றை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு மேலே 1000 மில்லிவாட்/ச.செ.மீ. வந்து 20 நொடி பாய்ச்சினால் 20 ஜூல்/ச.செ.மீ. அறிக்கையில் எழுத வேண்டியது இதுதான். "20 நொடி க்யூர் செய்தோம்" என்று மட்டும் எழுதினால் வேறொருவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

அளக்கும் முறை

ஃப்ரிட்ஜில் இருந்த சிரிஞ்சை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, அறை வெப்பநிலைக்கு (23 டிகிரி சௌகரியம்) வரவிடுங்கள். காம்போசிட்டில் இறுகுதலைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குயினோன் 468 நானோமீட்டர் அருகே ஒளியை மிகுதியாக உறிஞ்சும். அறையின் வெள்ளை விளக்கிலும் அந்த நீலம் உண்டு. ஆரஞ்சு நிற ஃபில்டருக்கு அடியில் வேலை செய்யுங்கள்.

0.1 கிராம் பேஸ்ட்டை எடை போட்டு, குமிழி இல்லாமல் உருட்டி வளையத்தின் மையத்தில் வையுங்கள். கவர் ஸ்லிப்பை மேலே வைத்து, அது வளையத்தின் விளிம்பில் முழுதாகப் படியும்வரை தட்டையான கண்ணாடித் துண்டால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ்ட் சுமார் 8 மி.மீ. விட்டமுள்ள வட்டாகப் பரவும். அடர்த்தி கன செ.மீ.க்கு 2 கிராம் என்றால் இந்தக் கணக்கு சரியாக வரும். அடர்த்தி வேறாக இருந்தால் எடையை மாற்றிக்கொள்ளுங்கள். வட்டு வளையத்தைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் சரி.

இனி வட்டின் தொடக்கத் தடிமன். மொத்தப் பிழையில் பெரும்பங்கு இங்கேதான் நுழைகிறது, ஆனால் இதைத்தான் பலரும் "1 மி.மீ." என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். உண்மையில் அது 0.95 மி.மீ. என்றால், 25 மைக்ரான் இறக்கத்துக்கு விடை 2.50 அல்ல, 2.63 சதவீதம். இரண்டு பிராண்டுகளுக்கு இடையிலான வித்தியாசமே சில நேரம் அவ்வளவுதான். ஒவ்வொரு வட்டுக்கும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். பலகையும் கவர் ஸ்லிப்பும் சேர்ந்த தடிமனை முன்கூட்டியே மைக்ரோமீட்டரில் எடுத்து வைத்துக்கொண்டால், பரிசோதனை முடிந்தபின் வட்டோடு சேர்த்து அளந்து, கழித்து, இறங்கிய அளவைக் கூட்டினால் தொடக்கத் தடிமன் வந்துவிடும்.

எல்விடிடி முனையை இறக்கி, ஒளி பாய்ச்சாமல் 60 நொடி பதிவு செய்யுங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். தொடர்ந்து சரிந்தால் முனையின் எடை பேஸ்ட்டை நசுக்குகிறது என்று பொருள். ஃப்ளோவபிள் வகையில் இது அடிக்கடி நேரும். எதிர் எடை வைத்து அழுத்தத்தைக் குறையுங்கள். கோடு நடுங்கினால் மேசையைப் பாருங்கள், ஏசி காற்று நேராக அடிக்கிறதா என்று பாருங்கள்.

தட்டையான கோடு கிடைத்தபின் லைட்டை ஆன் செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் நொடிக்கு 10 பதிவுகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். சுருக்கத்தின் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளிலேயே நடந்துவிடும், அதிகபட்ச வேகமும் அங்கேதான் கிடைக்கும். பிறகு நொடிக்கு ஒன்று போதும். லைட் அணைந்தபின்னும் இறுகுவது நிற்காது, ஒரு மணி நேரம் வரை பதிவைத் தொடருங்கள்.

சுருக்க சதவீதம் = (முனை இறங்கிய தூரம் ÷ தொடக்கத் தடிமன்) × 100. இதை 3-ஆல் பெருக்கிவிடாதீர்கள். எத்திசையிலும் தடையின்றிச் சுருங்கும் பொருளுக்குத்தான் நீளச் சுருக்கம் கனச் சுருக்கத்தில் மூன்றில் ஒன்று. இங்கே வட்டு பலகையோடு ஒட்டியிருக்கிறது, பக்கவாட்டில் சுருங்க வழியில்லை. அதனால் ஏறத்தாழ முழுக் கனச் சுருக்கமும் தடிமனிலேயே தெரிகிறது. விட்டம் தடிமனைப்போல் 8 மடங்கு இருப்பதும் அதற்காகவே.

வெப்பத்தைக் கழிப்பது

லைட் பட்டதும் கண்ணாடியும் காம்போசிட்டும் சூடாகி விரியும், அணைந்ததும் ஆறிச் சுருங்கும். இந்த இரண்டும் உண்மையான சுருக்கத்தோடு கலந்து வரும். ஒரு மணி நேரம் கழித்து அதே வட்டுக்கு அதே நேரம் மறுபடி ஒளி பாய்ச்சிப் பதிவு செய்யுங்கள். அந்த வரைகோடு மேலே போய், பழைய நிலைக்கே திரும்பினால் அது வெறும் வெப்ப விளைவு, முதல் கோட்டிலிருந்து கழித்துவிடலாம். திரும்பாமல் கீழே தங்கினால் வட்டு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது முறை பாய்ச்சி அந்தக் கோட்டைப் பயன்படுத்துங்கள். வேதிவினையே வெளியிடும் வெப்பம் இதில் அடங்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண் தவறாக வரும்போது

கோட்டில் திடீரென ஒரு படி தெரிந்தால் வட்டு பலகையிலிருந்து விட்டுவிட்டது அல்லது கவர் ஸ்லிப் விரிசல் கண்டது. அந்தப் பதிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் வட்டை எடுத்து, அடிப்பக்கத்தில் குமிழியோ விலகலோ இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது நல்ல பழக்கம்.

எண் மிகக் குறைவாக வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஒளி கீழிருந்து வருவதால், அடர் ஷேடுகளில் வட்டின் மேற்பரப்பு இறுகாமல் விட்டுப்போகும். இறுகாத பொருள் சுருங்காது. இதைப் பிடிக்க எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவி உதவும். பிஸ்-ஜிஎம்ஏ என்ற மோனோமர் உள்ள பொருட்களில் 1637 செ.மீ.⁻¹-இல் உள்ள இரட்டைப் பிணைப்பின் உச்சத்தை, 1608-இல் மாறாமல் நிற்கும் அரோமாட்டிக் உச்சத்தோடு ஒப்பிட்டு, இறுகுவதற்கு முன்னும் பின்னும் உள்ள விகிதத்திலிருந்து மாற்ற சதவீதத்தை (எவ்வளவு இரட்டைப் பிணைப்புகள் வினைபட்டன என்பதை) கணக்கிடலாம். இரண்டு பொருட்களின் மாற்ற சதவீதம் வெகுவாக வேறுபட்டால் அவற்றின் சுருக்கத்தை நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமில்லை.

ஆர்க்கிமிடீஸ் முறையில் சரிபார்ப்பு

2013-இல் வந்த ஐஎஸ்ஓ 17304 தரநிலை அடர்த்தியை வைத்தே கனச் சுருக்கத்தை அளக்கச் சொல்கிறது. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசும் அடர்த்தி கிட்டும் (பொருளை நீரில் வைத்து எடை போட உதவும் துணைக்கருவி) இருந்தால் போதும். இறுகாத பேஸ்ட்டைக் காற்றிலும் நீரிலும் எடை போடுங்கள், பிறகு இறுகிய துண்டையும் அப்படியே. சுருக்கம் = (1 − இறுகாத அடர்த்தி ÷ இறுகிய அடர்த்தி) × 100.

0.5000 கிராம் பேஸ்ட் நீரில் 0.2450 காட்டினால் மிதப்பு 0.2550. அதே எடையுள்ள இறுகிய துண்டு 0.2514 காட்டினால் மிதப்பு 0.2486. எடை ஒன்றே என்பதால் மிதப்பு கன அளவைக் காட்டுகிறது: சுருக்கம் (1 − 0.2486 ÷ 0.2550) × 100, அதாவது 2.5 சதவீதம். நீரின் வெப்பநிலை இரு முறையும் ஒன்றாக இருந்தால் அதன் அடர்த்தி கணக்கில் அடிபட்டுப்போகும். 0.1 கிராம் மட்டும் எடுத்தால் அளக்க வேண்டிய வித்தியாசமே சுமார் 1.3 மில்லிகிராம்தான், தராசின் கடைசி இலக்கம் அதைக் குலைத்துவிடும். எனவே இந்த முறைக்கு அரை கிராமுக்குக் குறையாமல் எடுத்து, 2 மி.மீ.க்கு மிகாமல் பரப்பி, இரு பக்கமும் ஒளிவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ஒளி பாய்ச்சுங்கள். நீரில் ஒட்டும் ஒரே ஒரு குமிழிகூட எடையைக் குறைத்துக் காட்டும். நீரில் ஒரு சொட்டு சர்ஃபக்டண்ட் (நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) விட்டுத் தூரிகையால் தடவி விடுங்கள்.

துண்டை 24 மணி நேரம் கழித்து அளந்தால், ஒரு மணி நேர வட்டு முறையைவிடச் சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு. அதற்கு மேல் பெரிய இடைவெளி இருந்தால் முதலில் வட்டின் தடிமனையும், பிறகு பலகை வழி வந்த ஒளியளவையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது 5 வட்டுகள் செய்து, சராசரியோடு திட்ட விலக்கத்தையும், ஒளியளவு, தடிமன், வெப்பநிலை, அளந்த நேரம் ஆகியவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள்.