ஃப்ரோசன் ஷோல்டர்: வீட்டில் செய்யும் பயிற்சிகள்

தலை வாரக் கை எழும்பவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போய்விடுகிறது. வயது நாற்பதைத் தாண்டி, கூடவே சர்க்கரையும் இருந்தால் ஃப்ரோசன் ஷோல்டரோ என்று பார்க்கவேண்டும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது இது.

வேலூர்ப் பக்கம் கை கால் வலி என்றாலே புத்தூர்க் கட்டுக்குக் கிளம்பிவிடுவோம். எலும்பு முறிவுக்கு மூட்டை அசையாமல் வைக்கவேண்டும், சரி. இங்கே நேர்மாறு. அசைக்காமல் வைத்தால் தோள் இன்னும் இறுகும். யாராவது வெடுக்கென்று இழுத்துவிடுவதும் வேண்டாம்.

முதலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநார் கிழிந்திருந்தால் வைத்தியமே வேறு. இடது தோளில் திடீர் வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே 108.

படி 1: 10 முதல் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். வேலூர் வெயிலில் ஒத்தடம் வேறா என்று கேட்பீர்கள். வெயில் மூட்டுவரை போகாது. சர்க்கரையால் மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, அதனால் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

படி 2: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டுங்கள். கை தானாகச் சிறு வட்டம் போடும். தோளால் சுற்றக்கூடாது. வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 3: சுவரைப் பார்த்து நின்று, வலிக்கும் கையின் விரல்களால் சுவரில் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். தோளைக் காது வரை தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் கணக்கில்லை.

படி 4: என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம், பலரும் விடுவதும் இதைத்தான். தோள் இறுகும்போது வெளிப்பக்கம் திரும்பும் அசைவுதான் அதிகம் குறைகிறது. மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, ஒரு குச்சியை இரு கைகளாலும் பிடியுங்கள். நல்ல கையால் தள்ள, மற்ற முன்கை வெளியே திரும்பும். இழுப்பு தெரிந்ததும் 15 முதல் 30 விநாடி நிறுத்தி, கையை மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். முழங்கை விலாவை விட்டு விலகினால் பலனில்லை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் செருகிக்கொள்ளுங்கள்.

படி 5: வலி தணிந்த பிறகு, முதுகுக்குப் பின்னால் துண்டை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் மேலே இழுப்பது. அவசரப்படாதீர்கள்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது. செய்யும்போது லேசான வலி பரவாயில்லை; ராத்திரி வரை நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தோள் இறுக்கம் முழுதாக விட ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம்.

வலி தாங்காமல் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால், சில நாள் சர்க்கரை ஏறும். மருத்துவரிடம் சொல்லி, அந்த நாட்களில் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.