பிப் மதிப்பீட்டுக்குப் போகும் முன்

லண்டனில் என் மனைவிக்குப் பிப் (PIP), அதாவது நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைகளுக்குக் கஷ்டப்படுபவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு, கேட்டபோது நாங்கள் விட்ட பெரிய பிழை, மானம் பார்த்தது. "சமைப்பீர்களா?" என்று மதிப்பீட்டாளர் கேட்க, "ஓம், சமைப்பன்" என்று சொல்லிவிட்டாள். கத்தி கைநழுவுவதும், வெங்காயம் வெட்டினால் ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டியிருப்பதும் பேச்சில் வரவே இல்லை. கஷ்டத்துக்குத்தான் புள்ளி; சமையலுக்கு அவளுக்குக் கிடைத்தது பூச்சியம்.

அவர்கள் பார்ப்பது நோயின் பெயரை அல்ல. ஒரு வேலையைப் பாதுகாப்பாக, ஒழுங்காக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதைத்தான். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் முடியாவிட்டால் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு கிழமைக்கு டயரி எழுதுங்கள்: விழுந்தது, மறந்த மாத்திரை, பராமரிக்கும் நீங்கள் அவருக்குப் பொத்தான் பூட்டிவிட்டது, எல்லாம். அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளிக்குச் சாதாரணத் தொகை, 12க்குக் கூடிய தொகை.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். குளியலறைக் கஷ்டத்தைப் பிள்ளையின் வாயால் யார் சொல்ல வைப்பார்கள்?

மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், பிறகுதான் தீர்ப்பாயம். அன்றாடப் பகுதி கிடைத்து, நீங்கள் கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரித்தால், பராமரிப்பவருக்கான கொடுப்பனவான கேரர்ஸ் அலவன்ஸுக்கும் விண்ணப்பிக்கலாம். உங்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கவனம்.