அமிகா 500-உம் ஸ்கார்ட் மானிட்டரும்: கருந்திரை தீர்ந்த விதம்

பழைய சிஆர்டி (குழாய்த்திரை) மானிட்டரின் ஸ்கார்ட்டில், அதாவது படமும் சத்தமும் சேர்ந்து வரும் 21 பின் சாக்கெட்டில், 1980-களின் வீட்டுக் கணினியான அமிகா 500-ஐ மாட்டினால் சத்தம் வந்தது, படம் வரவில்லை. குன்னூர் மூடுபனியில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கும் என்று ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தும் பயனில்லை. மல்டிமீட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வயர்களும் சரி.

துப்பு அந்தக் கருப்பிலேயே இருந்தது. கேபிளைப் பிடுங்கினால் திரையில் புள்ளிகள் ஓடும். மாட்டினால் அசையாத கருப்பு. அதாவது சிங்க் (படத்தின் வரிகளை நேரப்படி ஒழுங்காக வைக்கும் சிக்னல்) போய்ச் சேர்கிறது, மானிட்டர் அதைக் காம்போசிட் வீடியோவாக, அதாவது ஒரே வயரில் வரும் முழுப் படமாக நினைக்கிறது. மூன்று நிறங்களும் தனித்தனி வயரில் வரும் ஆர்ஜிபிக்கு மாற ஸ்கார்ட் 16-ஆம் பின்னில் 1 முதல் 3 வோல்ட் வேண்டும். கடையில் வாங்கிய கேபிளில் அந்த வயரே இல்லை.

அமிகாவின் வீடியோ போர்ட்டில் 23-ஆம் பின்னில் உள்ள 5 வோல்ட்டை 180 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் வழியாக 16-க்குக் கொடுத்தேன். மானிட்டருக்குள்ளே 75 ஓம் இருப்பதால் சுமார் 1.5 வோல்ட் நிற்கும். ஸ்கார்ட் 18-ஆம் பின் கிரவுண்டுக்கு. படம் வந்துவிட்டது, மேல் விளிம்பு மட்டும் வளைந்தது. சிங்க் டிடிஎல் அளவில் (டிஜிட்டல் சிப்களின் 5 வோல்ட் அளவில்) வருவதுதான் காரணம், மானிட்டருக்கு அது அதிகம். அமிகாவின் சிங்க் வரும் 10-ஆம் பின்னுக்கும் ஸ்கார்ட் 20-க்கும் நடுவில் 470 ஓம் போட்டதும் நேரானது.

அமிகா போர்ட்டில் மாட்டும் 23 பின் கனெக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. 25 பின் பெண் கனெக்டரின் ஓரத்தை அறுத்து 13, 25 இரண்டையும் நீக்கினால் பொருந்தும். ஆனால் கீழ் வரிசையில் அச்சிட்ட எண்கள் ஒன்று தள்ளிப்போகும்: 24 என்று இருப்பதுதான் அமிகாவின் 23. அச்சிட்ட 23-இல் பற்றவைத்தால் 12 வோல்ட் பாயும்.