சம்பளச் சீட்டில் கடன் பிடித்தம்: யார் சொல்லிப் பிடிக்கிறார்கள்?

இலங்கையில் தோட்டத்துச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் நம் வழக்கம். நடுவில் இருக்கும் பிடித்தங்களையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: இதைச் சட்டம் பிடிக்கச் சொன்னதா, நீதிமன்றம் சொன்னதா, அல்லது நீங்களே கையெழுத்துப் போட்டுச் சம்மதித்ததா?

படி 1: கடைசி மூன்று மாதச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். முதலில் பேர் விழுந்த நாட்கள், அதாவது வேலை செய்ததாகப் பதிவான நாட்கள், சரியா என்று பாருங்கள். அரைப்பேர் (அரைநாள் வேலை) போட்ட நாளையும் விடாதீர்கள். மொத்தச் சம்பளம் பிழையானால் மற்ற எல்லாமே பிழையாகும்.

படி 2: சட்டம் சொல்லும் பிடித்தம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம். நாளுக்கு 1350 ரூபா, 20 நாள் வேலை என்று வைத்தால் 27,000 ரூபா. பிடிக்க வேண்டியது 2,160. நிர்வாகம் கட்டும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதமும் உங்கள் சம்பளத்தில் கை வைக்காமல் அவர்களே போட வேண்டியவை. அவை பிடித்தப் பக்கத்தில் இருந்தால் உடனே கேளுங்கள்.

படி 3: நீதிமன்றம் சொல்லும் பிடித்தம். இது பலருக்கும் புரியாத இடம். மனைவிக்கோ பிள்ளைக்கோ தாபரிப்புப் பணம் (வாழ்க்கைச் செலவுக்கான பணம்) கட்டும்படி நீதவான் நீதிமன்றம் உத்தரவிட்டால், 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி அதைச் சம்பளத்திலிருந்தே பிடிக்குமாறு முதலாளிக்கும் உத்தரவிடலாம். அப்புறம் பெரிய கிளாக்கரிடம் போய் “இந்த மாசம் விடுங்க ஐயா” என்று கேட்டுப் பயனில்லை. அவரால் குறைக்க முடியாது. வருமானம் குறைந்திருந்தால் அதே நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும்.

கடைக்கடன், வட்டிக்கடன் கதை வேறு. கடன்காரர் வழக்குப் போட்டு வென்றாலும், தொழிலாளரின் கூலியைக் கைப்பற்ற முடியாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு சொல்கிறது. கடன் இல்லாமல் போய்விடாது. ஆனால் கூலியில் கை வைக்க முடியாது. “ஆபீசுக்குச் சொல்லிச் சம்பளத்துல பிடிக்க வைப்பேன்” என்று லயத்து வீட்டுக்கே வந்து மிரட்டும் கிழமைக் கடன்காரருக்குப் பதில் இதுதான். மாதச் சம்பளத்தில் இருக்கும் உத்தியோகத்தர்கள் மட்டும் இதை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

படி 4: உங்கள் கையெழுத்தில் பிடிப்பவை. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத்தூள் எல்லாம் இங்கேதான் வரும். சீட்டில் அதிக இடம் பிடிப்பதும் இவையே. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி இப்படியானவற்றுக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் எப்போது, எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முற்பணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு எழுதி வையுங்கள்: 15,000 ரூபா வாங்கி மாதம் 1,500 பிடித்தால் பத்தாவது மாதத்தோடு முடிய வேண்டும். பதினோராவது மாதமும் அதே வரி இருந்தால் கேட்கலாம். சந்தா வேண்டாமென்றால் எழுத்தில் கொடுங்கள். சங்கத் தலைவரிடம் வாயால் சொன்னால் போதாது.

கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று சில பெரியவர்கள் இன்னும் சொல்வதுண்டு. அது ‘துண்டு’ காலத்துப் பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அன்று கடன் தொகை எழுதிய துண்டோடுதான் ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போனார். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

படி 5: மூன்றிலும் சேராத பிடித்தம் இருந்தால் அதைச் சீட்டில் வட்டமிட்டு அலுவலகத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சீட்டுகளோடு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தாபரிப்பு, கடன் வழக்கு என்றால் வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது அடையாள அட்டையையும் நீதிமன்றக் கடிதத்தையும் கொண்டுபோங்கள்.