தலை சீவும்போது பிள்ளை மயங்கினால்

இலங்கை மலையகத்து ஹட்டனில், என் முடி அலங்காரக் கடையில் வேலை பழகும் தங்கச்சி, பாடசாலைப் பிள்ளை ஒருத்தியை நிற்க வைத்து ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு வெளுத்தது. "அக்கா, கண் இருட்டுது" என்றாள். "அசையாம நில்லு, வகிடு கோணிரும்" என்றாள் இவள். ஒரு காலத்தில் நான் சொன்ன அதே வார்த்தை.

தலைத்தோல் இழுபடும்போது சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு மந்தமாகும், ரத்தக்குழாய்கள் தளரும். நின்றிருந்தால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போதாமல் போகும். பெண் பிள்ளைகளுக்கே அதிகம். சிக்கெடுக்கும்போது மட்டுமல்ல, முடி வெட்டும்போதும் டிரையர் பிடிக்கும்போதும் வரும். நாம் செய்யும் தவறுகளும் அதற்குப் பதில் செய்ய வேண்டியதும் கீழே.

நிற்க வைத்துச் சீவுவது

உட்கார வையுங்கள்.

வெறும் வயிறு

முதலில் ஒரு துண்டு ரொட்டி, தண்ணீர். பிறகு சீப்பு.

சாய்ந்தவளை நிமிர்த்திப் பிடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். என் அக்கா மகளுக்கு அப்போது 9 வயது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், விடியற்காலைக் குளிரில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சரிந்தாள். விழக் கூடாதென்று அக்குளில் கைகொடுத்துச் சுவரோடு நிறுத்திப் பிடித்தேன். கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஓடிவந்தவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கை ஓய்ந்து நான் தரையில் கிடத்திய பிறகுதான், "சித்தி" என்று கண் திறந்தாள்.

அதற்குள் லயம் முழுக்க "வலிப்புக்காரப் பிள்ளை" ஆகிவிட்டாள். 2 வருஷம் ஆற்றுப் பக்கம் விடவில்லை, விளையாட்டுப் போட்டிக்கும் அனுப்பவில்லை. பிறகு ஒரு வைத்தியர், "அந்த நேரம் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தா?" என்று கேட்டார். அதுவரை சீப்பைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொன்னதேயில்லை.

நிமிர்த்திப் பிடித்தால் மூளைக்கு ரத்தம் திரும்பாது. அந்தத் தட்டுப்பாட்டிலும் உடம்பு வெட்டும். வெட்டியதெல்லாம் வலிப்பு அல்ல. கண் இருட்டுது, குமட்டுது என்றதுமே சீப்பைப் போட்டுவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

வாயில் தண்ணீர் ஊற்றுவது

நினைவு முழுதாகத் திரும்பும்வரை கூடாது.

சீப்பின் மேலேயே பழியைப் போடுவது

முதல் தடவை மயங்கினால் வைத்தியரிடம் காட்டி, சீவும்போது நடந்ததைச் சொல்லுங்கள். ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினாலும், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இதயத்தைப் பார்க்க ஈசிஜி வேண்டும். கிடத்தியும் ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டால் உடனே 1990 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.