தோட்டப்புறச் சபைக்கு இணையத்தளம்: சில குறிப்புகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் சபையின் தளத்தைத் திறப்பவர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒன்றைத்தான் தேடுவார்: தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு? அதை முதல் திரையிலேயே எழுத்தாகப் போடுங்கள். போஸ்டர் படமாகப் போட்டால் சின்னத் திரையில் படிக்கவும் முடியாது, தேடலிலும் சரியாக அகப்படாது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக அந்த வார நேரங்களை இரண்டு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

அதிகம் சொதப்புவது தமிழ் எழுத்துதான். பழைய அறிவிப்புத் தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், அப்படியே ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு அது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு கொம்பு, புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று ஒருவர் வரிவரியாக வாசிக்கட்டும். எழுத்தளவு 17 பிக்சல், வரி உயரம் 1.6. பாட்டிமார் கண்ணுக்கு அதற்குக் கீழே வேண்டாம்.

படங்கள் 1600 பிக்சல் அகலம், 200 கேபிக்குள். வாட்ஸ்அப் இணைப்பில் 012 என்று தொடங்கும் எண் 6012 என்று தொடங்கவேண்டும். கூட்டல் குறி, இடைவெளி கூடாது. முகவரியில் 'மூணாங்கட்டை' (மூன்றாம் மைல்) என்பது உள்ளூர்க்காரருக்குப் போதும், வெளியூர்க்காரருக்கு வரைபட இணைப்பு வேண்டும்.

டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதியாதீர்கள். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் புதுப்பிப்பு அறிவிப்பும் கூடவே போய்விடும். சபைக்கென்று ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல் இரண்டு பேரிடம்.